பணக்கார நாட்டிலும் தண்ணிப் பஞ்சமா? எங்கள் தெருவில் கேட்ட கேள்விகள்

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கிறேன். சமூக அறிவியல். 2022 கோடையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் ஃபோனைக் கொண்டுவந்து ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் ஓர் அணை. பாறைச் சுவரில் பனைமரத்துக்கு மேல் உயரமாக வெள்ளைக் கறை, அதற்குக் கீழே எங்கோ தண்ணீர். "இது எடிட் பண்ணது தானே சார்?" என்றான். இல்லை என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு வகுப்பில், டீக்கடையில், தெருமுனை சின்டெக்ஸ் டேங்கில் குடம் வரிசையில் என்று அதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். திருத்தினால் காரம் போய்விடுகிறது.

"அமெரிக்காவுல கூடவா சார் தண்ணி கஷ்டம்? சும்மா ரீல் வுடாதீங்க."

ரீல் இல்லை. அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் என்று வசதியான நகரம் ஒன்று இருக்கிறது. அதன் எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற குடியிருப்பு. பெரிய வீடுகள், சிலர் குதிரைகூட வளர்க்கிறார்கள். ஆனால் பல வீடுகளுக்குக் குழாய் கிடையாது. தரைக்கடியில் தொட்டி கட்டி, லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். அந்த லாரிகள் தண்ணீர் பிடித்து வந்தது ஸ்காட்ஸ்டேலில். நகரம் நம்பியிருந்த கொலராடோ ஆறு வற்ற ஆரம்பித்ததும், எங்கள் ஊர் ஜனத்துக்கே பார்க்க வேண்டியிருக்கிறது என்று 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்திவிட்டது. தூரத்திலிருந்து வந்த லாரித் தண்ணீரின் விலை எகிறியது. மழைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்றினார்கள். பாத்திரம் கழுவப் பயந்து காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். சென்னை ஏரிகள் வற்றிய 2019 ஜூனில் நம் தெருவில் நடந்த அதே சங்கதி, வீடுகள்தான் பெரிசு.

குழாயே இல்லாத இடத்தில் எப்படி வீடு வந்தது என்பதையும் கேளுங்கள். அரிசோனாவில் 1980-லிருந்து நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரம் போன்ற இடங்களில் மனை பிரித்து விற்பவர், நூறு வருஷத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். ஆனால் ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் இந்த விதி கிடையாது. அப்புறமென்ன, ஐந்து ஐந்தாகப் பிரித்து விற்றார்கள். அப்ரூவல் இல்லாத மனையை வாங்கிவிட்டு ரோடுக்கும் தண்ணிக்கும் அலைகிற கதை நமக்குத் தெரியாததா?

"தட்டுப்பாடுன்னா இன்னா? நம்ம தெருவுக்கு லாரி வர்லன்னா அது தட்டுப்பாடு. அங்கதான் குழாய்ல வருதே?"

படிப்பவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு நாட்டில் ஆண்டுக்குக் கிடைக்கும் நன்னீரைத் தலைக்கு வகுத்துப் பார்ப்பது. 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே போனால் தட்டுப்பாடு. சுவீடனின் நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்தது. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் அறுபத்தைந்து குடம் வரும். அவ்வளவும் குடிக்கவா என்று திகைக்க வேண்டாம். சோற்றுக்கு நெல் விளைந்த தண்ணீர், மின்சாரம், தொழிற்சாலை எல்லாம் அதில் அடக்கம்.

எனக்கு அந்த அளவுகோல் பாதிதான் பிடிக்கும். நாட்டுக்கு மொத்தமாகக் கணக்குப் போட்டால் அமெரிக்காவுக்குத் தட்டுப்பாடே இல்லை. நான் மூன்றாகப் பிரித்துச் சொல்வேன். தண்ணீரே இல்லாதது ஒன்று. தண்ணீர் இருக்கிறது, குழாயோ சுத்திகரிப்போ கெட்டுக் கிடக்கிறது, அது இரண்டாவது. தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே வேறொருவர் பேரில் எழுதி வைத்தாயிற்று, அது மூன்றாவது. பணக்கார நாடுகளில் கிளறினால் பெரும்பாலும் மூன்றாவதுதான் கிடைக்கும்.

"மழ பேஞ்சா தண்ணி, பேயலன்னா பஞ்சம். அவ்ளோதான மேட்டரு? இதுக்கு இன்னா ஆராய்ச்சி?"

லண்டனில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குச் சுமார் 1,400. சினிமாவில் எப்போதும் குடையோடு நடக்கிற ஊருக்கு நம் மழையில் பாதிகூட இல்லை! தூறல் வருஷம் முழுக்க இருப்பதால் பெரிசாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியைக் கடும் நீர் நெருக்கடிப் பகுதி என்று அந்த நாட்டு அரசே வகைப்படுத்தியிருக்கிறது. இன்னொரு பக்கம் சிங்கப்பூர். வருஷத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் கொட்டுகிறது, பிடித்து வைக்க இடமில்லை.

வெளிநாடு எதற்கு? 2015 டிசம்பரில் வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் 2019 ஜூனில் காலிக் குடத்தோடு நின்றார்கள். நடுவில் மூன்றரை வருஷம். வானம் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் வானத்தைக் காட்டிவிட்டால் மற்ற யாரையும் காட்ட வேண்டியதில்லை. அந்த சௌகரியம்தான் எனக்கு உறுத்துகிறது.

"அம்மாம் பெரிய ஆறு, அம்மாம் பெரிய டேம். எப்டி சார் வத்தும்?"

பையன் காட்டிய படத்தில் இருந்தது மீட் ஏரி. ஹூவர் அணைக்குப் பின்னால் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் நிற்கும் இடம். எவ்வளவு பெரிசு என்றால், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஐந்தும் நிரம்பினால் ஏறக்குறைய 11.75 டி.எம்.சி. மீட் ஏரி நிரம்பினால் அதைப் போல 90 மடங்குக்கு மேல். அது 2022 ஜூலையில் 27 சதவீதத்துக்கு இறங்கியது. 1930-களில் முதன்முதலாக நிரப்பியதற்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை.

காரணம் 1922-ல் இருக்கிறது. அந்த வருஷம் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து ஆற்றைப் பங்கு போட்டன. மேல் பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப் பகுதிக்கு 75 லட்சம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி. 1944-ல் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம். நம் கணக்கில் மொத்தம் சுமார் 720 டி.எம்.சி. பிரச்சினை என்னவென்றால், பங்கு போட்டவர்கள் கையில் இருந்தது ஆறு வழக்கத்துக்கு மீறிப் புரண்டு ஓடிய சில வருஷங்களின் கணக்கு. பின்னாளில் பழைய மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோதுதான், பல நூற்றாண்டில் அபூர்வமாக வரும் ஈரமான காலம் அது என்று தெரிந்தது. 2000-க்குப் பிறகு ஆற்றில் வருவது சராசரியாகச் சுமார் 540 டி.எம்.சி. வெயிலில் ஆவியாகப் போவதற்குத் தனியாக யாரும் ஒதுக்கவும் இல்லை. அந்தக் கரையில் காலங்காலமாக வாழும் பழங்குடி மக்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை.

சீட்டு பிடிக்கும் சரசாக்கா என்று ஒருவர் எங்கள் தெருவில் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி மாத வசூலைப் பார்த்துவிட்டு, வருஷம் முழுக்க எல்லாருக்கும் அதே கணக்கில் தொகை தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்? முதல் சில மாதம் பழைய சேமிப்பில் ஓடும். அந்தப் பழைய சேமிப்புதான் மீட் ஏரி. நாலு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு இப்போது பெரும்பாலான வருஷங்களில் கடலைத் தொடுவதே இல்லை.

நாம் சிரிக்க வேண்டாம். சென்னைக்கு வர வேண்டிய கிருஷ்ணா நீருக்கு ஆந்திராவோடு 1983-ல் போட்ட ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 12 டி.எம்.சி. என்று இருக்கிறது. கால்வாயில் முதல் தண்ணீர் வந்தது 1996-ல். எழுதியதற்கும் பூண்டிக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது.

"அவ்ளோ தண்ணியும் யாரு குடிக்கறா? ஷவர்ல குளிச்சே தீத்துட்டாங்களா?"

குளிப்பதும் உண்டு. அமெரிக்கர் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 300 லிட்டர் செலவழிக்கிறார். இங்கிலாந்தில் 140 சொச்சம். நம் நகரங்களுக்கு வகுத்த அளவு 135. எங்கள் தெருவில் அந்த 135-ஐப் பார்த்தவர் யாரும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஆனால் கொலராடோவைக் குடிப்பது வயல்கள். மனிதர் எடுத்துச் செலவழிக்கும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பாசனத்துக்கு. அதிலும் பெரும்பகுதி மாட்டுத் தீவனம், குறிப்பாகக் குதிரை மசால். பாலைவனத்தில் வருஷத்துக்குப் பல தடவை அறுக்கலாம், தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விவசாயி முட்டாளா? இல்லை. அங்கே சட்டம் அப்படி. மேற்கு மாநிலங்களில் யார் முதலில் எடுத்தாரோ அவருக்கு முதல் உரிமை. குடம் வரிசை தெரியுமல்லவா? விடிகாலையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், இடம் உங்களுடையது. அங்கே நூறு வருஷத்துக்கு முன்னால் தாத்தா வைத்த குடம் இன்னும் முதல் இடத்தில் இருக்கிறது. நேற்று வந்த நகரம் வாலில் நிற்கிறது. இன்னொரு விதியும் உண்டு: தொடர்ந்து எடுக்காமல் விட்டால் உரிமை போய்விடலாம். மிச்சம் பிடித்தவனுக்கு நஷ்டம் என்றால் யார் மிச்சம் பிடிப்பார்கள்?

லாஸ் வேகாஸை எல்லாரும் ஊதாரி நகரம் என்பார்கள், நீரூற்று, சூதாட்ட விடுதி என்று. உள்ளபடி அங்கே வீட்டுக்குள் பயன்படுத்தும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பாதது புல்வெளிக்கு விட்ட தண்ணீர்தான். அதனால் 2021-ல் சட்டம் போட்டு, சாலையோரத்திலும் அலுவலக வாசல்களிலும் அழகுக்கு வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்றார்கள்.

"ஆறு இல்லன்னா போர் போட்டுக்க வேண்டியது தானே? துட்டு இருக்குல்ல?"

போட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஒரு மின்கம்பம். அடியில் ஓர் ஆள். அவர் காலடியில் 1977 என்று பலகை, நடுவில் 1955, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் 1925. அந்தந்த வருஷம் தரை இருந்த மட்டம் அது. பூமிக்கடியில் இருந்து உறிஞ்சி உறிஞ்சி அரை நூற்றாண்டில் தரை சுமார் 9 மீட்டர் இறங்கிவிட்டது. களிமண் அடுக்கில் தண்ணீர் போனதும் அது நசுங்கிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழையபடி உப்பாது. ஆழமாகப் போட முடிந்த பெரிய தோட்டக்காரர் இன்னும் கீழே போனார். ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஏழை ஊரில் 2014-ல் வீட்டுக் கிணறுகள் வரிசையாக வற்றின. வாசலில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து லாரியில் ஊற்றினார்கள். மாநிலம் முழுமைக்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் அந்த வருஷம்தான் வந்தது. நிலாவுக்கு ஆள் அனுப்பி 45 வருஷம் கழித்து!

நம் பக்கம் தரை இறங்கவில்லை, கடல் ஏறியது. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் விவசாயத்துக்கும் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் சேர்த்து இறைத்ததில், 1960-களின் கடைசியிலேயே நிலத்தடியில் உப்புநீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஒட்டும். சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். சோப்பு நுரைக்காது. என் பாட்டி இதே வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக வைத்ததாகச் சொல்வார், இன்று துணி அலசக்கூட யோசிக்கிறோம்.

"பனி மலை இருக்கே சார், உருகி வராதா?"

வரும். கலிஃபோர்னியாவுக்குச் செலவில்லாத அணையே சியரா நெவாடா மலைப் பனிதான். குளிரில் சேமித்துக் கோடையில் மெதுவாகக் கொடுக்கும். 2015 ஏப்ரல் 1 அன்று அளந்தபோது அந்தப் பனி வழக்கத்தில் 5 சதவீதம். அளவெடுக்கப் போனவர்கள் வெறும் புல் தரையில் நின்றார்கள். அன்றைக்கே ஆளுநர் நகரங்களுக்கு 25 சதவீதம் வெட்டு என்று உத்தரவு போட்டார்.

"இந்த காலநிலை மாற்றம்னு எல்லாத்துக்கும் அத்தயே சொல்றாங்க. நம்பலாமா?"

நம்பலாம், ஆனால் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்த்து. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் 1970-களிலிருந்து மழை குறைந்துகொண்டே வருகிறது. மழை கொஞ்சம் குறைந்தது, அணைக்கு வரும் தண்ணீரோ அடியோடு சரிந்தது. ஏன்? காய்ந்த மண் முதலில் தான் குடிக்கும், பிறகு மரம், மிச்சம்தான் ஓடைக்கு. வெயில் ஏறினால் மண்ணின் தாகமும் ஏறும். கொலராடோவிலும் இதே கதைதான், மழை பெரிதாகக் குறையாத வருஷத்தில்கூட ஆறு மெலிகிறது.

ஆனால் 1922-ல் கையெழுத்துப் போட்டவர்களைக் காலநிலை தள்ளிவிடவில்லை. கையிருப்பைவிட அதிகமாக எழுதிக் கொடுத்த வீட்டில் வரவும் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ரயில்ல தண்ணி கொண்டாந்த கேவலம் நம்ம ஊர்ல மட்டும் தானே நடந்துச்சு?"

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்தது. பூசணிக்காய் உடைக்காத குறைதான். அப்போது நகரத்துக்குத் தினமும் கொடுத்தது சுமார் 52 கோடி லிட்டர், அதில் இருநூறில் ஒரு பங்குதான் ரயில் கொண்டுவந்தது.

பார்சிலோனாவுக்கு 2008 மே மாதம் கப்பலில் தண்ணீர் வந்தது. ஸ்பெயினின் பணக்கார நகரம், ஒலிம்பிக் நடத்திய ஊர். கப்பல் வரத் தொடங்கிய அந்த மாதமே மழையும் கொட்டியது தனிக் கதை. அதே பகுதியில் 2024 பிப்ரவரியில் மறுபடி வறட்சி அவசரநிலை அறிவித்தார்கள். ஆகவே கேவலம் என்றால் எல்லாருக்கும் பொது.

"கடலு பக்கத்துலயே கீது. காட்டுப்பள்ளில பண்றா மாதிரி பண்ணிட்டா முடிஞ்சுது இல்ல?"

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அண்ணன் ஒருவர் கேட்டது. கடல்நீரில் உப்பை நீக்கிக் குடிநீராக்குவதைச் சொல்கிறார். பெர்த் நகரம் 2006-ல் அப்படித்தான் ஆரம்பித்தது, இன்று அந்த நகரத்துக் குடிநீரில் கணிசமான பங்கு கடலிலிருந்துதான். நம் காட்டுப்பள்ளி ஆலை 2010-ல் வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்.

சிக்கல் மூன்று நான்கு உண்டு. ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் கரண்ட் ஆகும். உப்பு நீக்கியதும் மிஞ்சும் அடர்ந்த உவர்நீர் மறுபடி கடலுக்குப் போகிறது. அது எங்கே, எப்படிக் கலக்கிறது என்பது வலை போடுகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம், அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு காசு. மெல்போர்ன் நகரம் நீண்ட வறட்சியில் பயந்து வொந்தாகி என்ற இடத்தில் பெரிய ஆலை கட்டியது. 2012-ல் முடிப்பதற்குள் மழை வந்து அணைகள் ஏறிவிட்டன. 2017 வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்காமலே ஒப்பந்தப்படி பணம் கட்டினார்கள். கட்டியது தப்பா? நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், குடையும் மழை இல்லாத நாளில் பாரம்தான். ஆனால் அரிசோனாவுக்குக் கடலே கிடையாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். குதிரை மசாலுக்குக் கடல்நீரில் உப்பு நீக்கி ஊற்றினால் எந்த மாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

"கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ணி குடிக்கறாங்களாமே, நெசமா? உவ்வே."

நிஜம். முதன்முதலில் செய்தது பணக்கார நாடு இல்லை, நமீபியாவின் விண்டூக் நகரம், 1968-ல். சிங்கப்பூர் 2003-லிருந்து செய்கிறது. பெரும்பகுதி ஆலைகளுக்கு, கொஞ்சம் ஏரியில் கலந்து குடிநீருக்கு.

"உவ்வே" என்பதும் ஒரு காரணம்தான், அதைக் கேலி செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் அணை வற்றிய நிலையில் 2006-ல் இதற்கு வாக்கெடுப்பு வைத்தது. பத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்று போட்டார்கள். தொழில்நுட்பமும் காசும் தயாராக இருந்தன, மனசு தயாராக இல்லை. நாம் அந்தச் சங்கடத்துக்கே போகவில்லை. கொடுங்கையூரில் 2019-லிருந்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் வசதி வந்துவிட்டது. ஆலை உவ்வே என்று சொல்லாது.

"எம்மவன் சிங்கப்பூர்ல கீறான். இருவத்தி நாலு மணி நேரமும் தண்ணி வருதாம். அப்போ அது பஞ்ச நாடா இல்லியா?"

பஞ்சம் உள்ள நாடுதான் ஆயா, பஞ்சம் தெரியாதபடி பார்த்துக்கொள்கிற நாடு. 1963-ல் அங்கேயும் ரேஷன் போட்டார்கள். மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து தினமும் 25 கோடி கேலன் வரை எடுக்க 1962-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அது 2061-ல் முடிகிறது. அந்தத் தேதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் கழிவுநீர், கடல்நீர், 2008-ல் கட்டிய மரினா தடுப்பணை எல்லாம். தண்ணீர் விலையை 2017-லும் 2018-லும் இரண்டு கட்டமாக 30 சதவீதம் ஏற்றினார்கள். உங்கள் மகன் பில்லைப் பார்த்துப் புலம்பியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

"குழாய் ஒடஞ்சி ரோட்ல ஓடறது நம்ம ஊரு வியாதி தானே?"

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 300 கோடி லிட்டர் கசிவில் போகிறது. அனுப்புவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. காட்டுப்பள்ளி மாதிரி முப்பது ஆலை ஓட்டி அப்படியே மண்ணில் விடுவதற்குச் சமம். லண்டனின் குழாய்கள் பல விக்டோரியா ராணி காலத்தவை. 1989-ல் தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் விட்டார்கள், 1992-க்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நாட்டில் பெரிய புது நீர்த்தேக்கம் ஒன்றும் வரவில்லை. 2022 கோடையில் வெயில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கத் தடை போட்டார்கள். வீட்டுக்காரர் ரோஜாவுக்கு ஊற்றினால் அபராதம், தெருவுக்கடியில் குழாய் ஊற்றினால் கேட்பாரில்லை.

இது விதி ஒன்றும் இல்லை. டோக்கியோவில் கசிவு 3 சதவீதம்தான். ராத்திரியில் தரையில் கருவி வைத்துச் சத்தம் கேட்டே ஓட்டையைக் கண்டுபிடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்.

"சார், குரூப் ஃபோர் எழுதறேன். காரணத்த ஒரே வரில சொல்லுங்க, நோட் பண்ணிக்கறேன்."

ஒரு வரியில் எழுதினால் மழைப் பற்றாக்குறை என்று எழுதுவாய், அது தப்பு. சீட்டுக் கதையையும் குடம் வரிசையையும் மறுபடி படி தம்பி.

"கம்பெனிக்கு மட்டும் எப்டி சார் தண்ணி நிக்காம போவுது?"

மணலி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டது. தைவானைச் சொல்கிறேன். 2020-ல் அந்தத் தீவில் ஒரு சூறாவளிகூடக் கரை கடக்கவில்லை. அவர்கள் அணைகள் அந்த மழையை நம்பித்தான் இருக்கின்றன. 2021-ல் அரை நூற்றாண்டு காணாத வறட்சி. உலகத்துக்கே கம்ப்யூட்டர் சிப் செய்யும் டி.எஸ்.எம்.சி. லாரியில் தண்ணீர் வாங்கியது. அரசாங்கம் பெரும்பரப்பில் நெல் பாசனத்தை நிறுத்தி, விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. கணக்குப்படி சரி, ஒரு சொட்டுத் தண்ணீரில் சிப் தரும் பணத்தை நெல் தராது. நஷ்ட ஈட்டை வாங்கியவர் நிலத்துக்காரர். கூலிக்கு நடவு நட்டவர் எந்தக் கணக்கில் வந்தார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

"பணக்கார நாட்ல ஏழைக்கு மட்டும் தண்ணி வராதா? அப்டியா சொல்றீங்க?"

கிட்டத்தட்ட. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம், மூடிய கார் ஆலைகள், கறுப்பின மக்கள் அதிகம். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காததால் பழைய ஈயக் குழாய்கள் கரைந்து குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் ஏறியது. பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு அம்மாக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் போய் நின்றார்கள். நல்ல தண்ணீர்தான், குடியுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பழைய இணைப்புக்குத் திரும்ப 2015 அக்டோபர் ஆயிற்று. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் 2022 ஆகஸ்டில் சுத்திகரிப்பு நிலையமே படுத்துவிட்டது, ஒன்றரை லட்சம் பேருக்கு நல்ல தண்ணீர் இல்லை. உலகத்திலேயே ஏரிகள் அதிகம் உள்ள கனடாவில், நெஸ்கான்டாகா என்ற பழங்குடி ஊரில் 1995-லிருந்து தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு. இரண்டாவது கேள்வியில் சொன்ன இரண்டாவது வகை இதுதான். காசு தட்டுப்பாட்டை ஒழிப்பதில்லை, வேறு தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த வேறு தெருவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"அது சரி சார், மொதல்ல சொன்னீங்களே, அந்த அரிசோனா ஜனத்துக்குக் கடைசில தண்ணி வந்துச்சா இல்லியா?"

இதைக் கேட்டது டேங்க் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா. 2023 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் அந்தக் குடியிருப்புக்காகவே ஒரு சட்டம் போட்டது. அந்த அக்டோபரில் தற்காலிகமாகத் தண்ணீர் ஏற்பாடானது, நிரந்தர ஏற்பாட்டைத் தனியார் நிறுவனம் ஒன்று செய்ய வேண்டும் என்று முடிவானது. அந்த நிரந்தர ஏற்பாடு என்னவென்று பார்த்தால், லாரிகள் தண்ணீர் பிடிக்கும் நிலையம். வீட்டுக்கு வீடு குழாய் இல்லை.

"அப்போ அவங்களும் லாரி சத்தத்துக்குக் காத வெச்சிகினு தான் படுப்பாங்க," என்றார் அக்கா. அதற்குள் டேங்கில் தண்ணீர் நூலாகிவிட்டது, கடைசிக் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தோம்.